வாய்க்காலில் பூத்த ஆற்றுவாழை

எண்பதுகளின் தொடக்கத்தில், சவூதியில் வேலை செய்த என் தம்பி லீவில் சாய்ந்தமருதுக்கு வந்தபோது ஒரு கெமரா கொண்டுவந்தான். திரும்பிப் போகையில் அதை என்னிடம் தந்து, அவன் கட்டிக்கொண்டிருந்த வீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னான். நான் அதற்கு முன் கெமராவின் எதிரே நின்றதே என் கல்யாணத்தன்றுதான்.

கூரை போட்டு முடிந்ததும் எடுத்தேன். பிலிமில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதை முடித்தால்தான் கழுவக் கொடுக்கலாம். வாப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு வயலுக்குப் போனபோது கெமராவையும் முந்தானைக்குள் மறைத்து எடுத்துப்போனேன். யாரும் கண்டால் கதை வந்துவிடும் என்ற பயம்.

வாப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்று, வாய்க்காலை அடைத்திருந்த ஆற்றுவாழைக் களையைப் பிடுங்கி வரம்பில் எறிந்துகொண்டிருந்தார். மாரியில் அது படர்ந்தால் வெள்ளம் வடியாது, பயிர் அழுகிப்போகும். அதை அவர் ஏசாத நாளில்லை. அவரைத்தான் எடுக்க நினைத்தேன். சட்டை போடாமல் நிற்கிறேன், போ என்றார்.

அதனால் கெமராவை வாய்க்கால் பக்கம் திருப்பினேன். முதலில் எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. குனிந்து லென்ஸ் வளையத்தை மெல்லத் திருகினேன். சேறும் தண்ணீரும் பின்னால் போக, ஒரே ஒரு பூ துலங்கி வந்தது. மெல்லிய ஊதா இதழ்கள். மேல் இதழில் மட்டும் நீலம் சூழ்ந்த மஞ்சள் பொட்டு, மயிலிறகின் கண்ணைப் போல. பிறந்ததிலிருந்து அந்த வரம்பில் நடக்கிறேன். அந்தப் பொட்டை அன்றுதான் கண்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன்.

கல்முனை ஸ்டூடியோவில் கொடுத்தேன். கலர் பிலிம் கொழும்புக்குப் போய்த்தான் கழுவிவர வேண்டும். வந்தபோது ஸ்டூடியோக்காரர் வீட்டுப் படங்களைத் தள்ளி வைத்துவிட்டு அந்தப் பூப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றதும் என்னை நிமிர்ந்து பார்த்து, அதைப் பெரிதாக்கிக் கடை முகப்பில் வைக்கலாமா என்று கேட்டார். சம்மதித்தேன்.

வீட்டில் வாப்பா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது எந்த ஊருப் பூ புள்ள?"

"நம்மட வாய்க்கால்ல கெடக்கிறதுதான் வாப்பா. ஆத்துவாழை."

வாப்பா படத்தை மறுபடியும் வெளிச்சத்துக்குத் திருப்பினார். அடுத்த நாளும் வயலுக்குப் போய் ஆற்றுவாழையைப் பிடுங்கத்தான் செய்தார், பயிர் இருக்கிறதே. ஆனால் கல்முனைச் சந்தைக்குப் போகும்போதெல்லாம் ஸ்டூடியோ முன்னால் நின்றுவிட்டுத்தான் வந்தார். சம்மாந்துறை நெல் ஆலையில் வேலை செய்த அவருடைய கூட்டாளி ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், மணமக்கள் படங்களுக்கு நடுவில் இருந்த அந்தப் பூவைக் காட்டினாராம். என் கணவர் அந்த வழியாக வந்தபோது தன் காதாலேயே கேட்டிருக்கிறார்.

"என்ட மகள் எடுத்தது. ஊதாக்குள்ள மஞ்சள் இரிக்கி, நல்லாப் பாருங்க."

தம்பிக்கு வீட்டுப் படங்களோடு பூவையும் அனுப்பியிருந்தேன். அவன் பேசிப் பதிந்து அனுப்பிய கெசட்டை எல்லோரும் சுற்றியிருந்து கேட்டோம். கூரையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். மீதியெல்லாம் பூவைப் பற்றித்தான். அதைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறானாம். அறையில் இருப்பவர்கள் உன் ஊர் இவ்வளவு வடிவா என்று கேட்கிறார்களாம். கடைசியில் சொன்னான்: "ராத்தா, புதுப் பிலிம் அனுப்பிரிக்கன். அது ஊட்டுக்கு இல்ல, உங்களுக்கு."

பிலிம் வந்த மறுநாள் காலை கெமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எல்லோரும் பார்க்கத் தெருவால் நடந்து வயலுக்குப் போனேன்.