பேட்டரிக்கு முகம் எது? நிவித்திகலவிலிருந்து இரத்தினபுரிக்கு ஒரு காலைப் பயணம்

நவம்பர் கடைசியில் மூன்று நாள் விடுமுறை கிடைத்தது. கொழும்பில் மழை போதவில்லை என்று தோன்றியதால் இரத்தினபுரி மாவட்டத்துக்குப் போனேன். நிவித்திகலவுக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் செல்வமும் அவர் மனைவி மலரும் இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு விடுகிறார்கள். இரண்டு நாள் அருவிகளைப் பார்த்தேன். அட்டைகள் என்னைப் பார்த்தன. இந்தப் பதிவு மூன்றாம் நாள் காலையைப் பற்றியது. பேட்டரி மாற்றிய பிறகும் ஸ்டார்ட் ஆகாத வாகனத்தின் முன்னால் நிற்கும் எவருக்கும் இது பயன்படலாம்.

இரத்தினபுரி அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மழையில் ஒரு மணி நேரம். ஏழு மணிக்குச் செல்வத்தின் வேனில் மூவரும் புறப்படுவதாக ஏற்பாடு. நான் கொழும்பு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அது ஒரு நாளில் பல தடவை வரும். மலருக்குப் பள்ளியிறுதி உயர்தரப் பரீட்சை. அது வருடத்துக்கு ஒரு தடவை வரும். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அவர், முப்பத்தொரு வயதில், பள்ளியில் சேராமல் வெளியிலிருந்து எழுதுகிறார். இரண்டு பாடம் முடிந்துவிட்டது. அன்று எட்டரைக்குக் கடைசிப் பாடம், இந்து நாகரிகம். ஒன்பதைத் தாண்டினால் உள்ளே விடமாட்டார்கள். அடுத்த வருடம் மூன்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும்.

முந்தின நாள் வேனின் பேட்டரி செத்துப்போயிருந்தது. செல்வம் மாலையில் புதியது வாங்கி வந்தார். நல்ல நேரம் கடந்துவிட்டதால் மறுநாள் காலையில்தான் பூட்டினார். சாவியைத் திருப்பினார். விளக்குகள் எரிந்தன. ஹாரன் அடித்தது. எஞ்சினிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

படித்தவன் என்ற முறையில் நான் கைப்பேசியை எடுத்தேன். கியர் சரியான இடத்தில் இருக்கிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா, சாவியை வண்டி அடையாளம் கண்டுகொள்கிறதா என்று வாசித்துச் சொன்னேன். ஒவ்வொன்றையும் செல்வம் மரியாதையாகப் பார்த்து, இல்லை என்று மரியாதையாகச் சொன்னார். மலர் கடிகாரத்தைப் பார்த்தார். இரத்தினபுரிக்கு இறங்கும் காலை பஸ் போய்விட்டது. பக்கத்திலிருந்த ஒரே த்ரீவீலரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு இறங்கிவிட்டது.

அப்போது தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியோடு அதன் டிரைவர் பண்டு வந்தார். இறங்கியதும், "ஹரி, தள்ளுவோம்" என்றார். சிங்களத்தில் 'ஹரி' என்றால் 'சரி'. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து நாலைந்து பேர் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார்கள். ஆட்டோ கியர் வண்டி தள்ளினால் எழும்பாது என்று செல்வம் சொன்னதும், வந்த காரியம் பறிபோன வருத்தத்தில் அங்கேயே நின்றார்கள். லொறியின் கரண்டு இருபத்துநாலு வோல்ட், வேனுக்குக் கொடுத்தால் எரிந்துவிடும் என்று பண்டு கையை விரித்தார். அவர் போவதும் எதிர்த்திசையில், கலவானப் பக்கம்.

செல்வம் விடாமல் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார். பத்தாவது தடவையோ என்னவோ, திறந்திருந்த முன்பக்கத்திலிருந்து சந்தன வாசம் வந்தது. நல்ல சகுனம் என்று செல்வத்தின் முகம் மலர்ந்தது. மலரின் முகம் மாறியது.

"ஏங்க, பொட்டு எங்க வச்சீங்க?"

"பேட்டரிக்குத்தான்."

"பேட்டரியில எங்க?"

"அதுக்கு முகம் எதுன்னு தெரியல மலரு. அதான் ரெண்டு கொம்புலயும் வச்சுட்டேன். வச்சுட்டுத்தான் வயர மாட்டுனேன்."

மலர் குனிந்து தொட்டுப் பார்த்தார். ஒரு முனை சுட்டது. காய்ந்த சந்தனமும் குங்குமமும் ஈயக் கொம்புக்கும் வயரின் கவ்விக்கும் நடுவில் உட்கார்ந்து கரண்டை மறித்திருக்கின்றன. விளக்குக்குப் போகும் கொஞ்சக் கரண்டு தப்பிப் போயிருக்கிறது. ஸ்டார்ட்டருக்கு வேண்டிய அளவு போக வழியில்லை. துடைத்துவிடும்படி மலர் சொன்னார். செல்வம் தயங்கினார். வைத்த அன்றைக்கே சாமிப் பொட்டை அழித்தால் வழியில் ஏதாவது ஆகிவிடுமாம்.

"இந்து நாகரிகம் எழுதப் போறவ நானு," என்றார் மலர். "பாவம்னா கேள்வியா வரட்டும், எழுதிட்டு வர்றேன். ஸ்பேனரக் குடுங்க."

சாவியை எடுத்துவிட்டு, மைனஸ் கவ்வியை முதலில் கழற்றினார், பிறகு பிளஸ். ஈரத்துணியால் துடைத்து, பாத்திரம் தேய்க்கும் தேங்காய்த் தும்பால் தேய்த்து, உலர்ந்த துணியால் ஒற்றினார். பூட்டும்போது பிளஸ் முதலில். நான் குடை பிடித்தேன். அன்றைய காலையில் என்னால் பயன் உண்டானது அந்த ஒரு விஷயத்தில்தான். கடைசியாக, மிச்சமிருந்த குங்குமத்தை மலர் பேட்டரியின் பக்கவாட்டில் அழுத்தி வைத்தார். "இதுதான் முகம்" என்றார்.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. தள்ள வந்தவர்கள் கை தட்டினார்கள். மணி எட்டாக ஐந்து நிமிடம்.

எட்டு ஐம்பத்திரண்டுக்குப் பரீட்சை நிலையத்தின் வாசலில் நின்றோம். மலர் ஓடவில்லை, வேகமாக நடந்தார். காவலாளி பரீட்சை அனுமதி அட்டையைப் பார்த்து உள்ளே விட்டார்.

போகிறவர்களுக்கு: வேன் வாடகை நான்காயிரம் ரூபாய். மழைக்காலத்தில் இரண்டு மணி நேரம் முன்னதாகப் புறப்படுங்கள். புதிய பேட்டரிக்குப் பொட்டு வைப்பதில் தவறில்லை, கவ்வி கடிக்கும் இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். விளக்கு எரிந்து ஸ்டார்ட்டர் 'டிக்' என்று மட்டும் சொன்னால், கைப்பேசியை எடுப்பதற்கு முன் இரண்டு முனைகளையும் பாருங்கள்.

செல்வம் வாசலிலேயே எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். மூன்று மணி நேரமும் அப்படியே இருப்பதாக உத்தேசமாம். மண்டபப் படியில் ஏறிய மலர் திரும்பிப் பார்த்து, சாவியைத் திருப்புவதுபோல் விரலைச் சுழற்றிக் காட்டிவிட்டு உள்ளே போனார். செல்வம் என்னைப் பார்த்தார். எஞ்சினை அணைத்தார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி திருப்பினார்.

எழும்பியது.