சிவப்பிலை மரம் பச்சையாய் நின்ற மாரி

எங்கள் ஊரில் பூப்பூக்கிற காலம் எது என்று கேட்டால் எல்லாரும் கோடையைத்தான் சொல்வார்கள். செவ்வரத்தையும் போகன்விலாவும் கண்ணைக் குத்துகிற மாதிரிப் பூக்கும், உண்மைதான். வெயிலைக் குடித்துப் பூப்பது பெரிய காரியமா? வாடைக்காற்று கடலில் இருந்து உப்போடு வந்து அடிக்கிற மாரியில், பகல் குறுகி, அஸர் தொழுதுவிட்டு நிமிர்ந்தால் மஃரிபுக்குப் பாங்கு சொல்லுகிற மாதங்களில், சில செடிகள் அப்போதுதான் தங்களுக்கு நேரம் வந்தது என்று எழும்பி நிற்கும். அவற்றுக்குத்தான் நான் மரியாதை கொடுப்பேன்.

வீட்டைச் சுற்றி எங்கள் வளவில் அப்படி மூன்று வகை இருக்கின்றன. கிணற்றடியில் செவ்வந்தி. பின்வேலியோரம் ஊதா நிறத்தில் டிசம்பர் பூ. முன்மதிலோரம் சிவப்பிலை மரம். இங்கே கடல் மணல். தென்னையும் முருங்கையும் தவிர எதுவும் வராது என்று எனக்குச் சொன்னவர்கள் பலபேர். நான் மில்லில் இருந்து உமிச்சாம்பல் எடுப்பித்தேன், மீன் கழுவின தண்ணீரை ஒருநாளும் வீணாக்கவில்லை, முட்டைக்கோதைக் கையால் நொறுக்கிப் போட்டேன். நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவள். இதை எழுதவே எனக்குப் பல நாள் பிடிக்கிறது. ஆனால் செடி விசயம் கேட்டு ஒலுவில் கம்பஸில் படிக்கிற பிள்ளைகளே என்னிடம் வந்திருக்கிறார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

செவ்வந்தி மழை குடித்தால் தலை பாரமாகிச் சரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஈர்க்கு நட்டு, பழைய சீலைக் கரையால் இளக்கமாகக் கட்டிவிடுவேன். விடிய எழும்பிப் பார்த்தால் மஞ்சள் எல்லாம் கழுவி வைத்த பீங்கான் மாதிரி இருக்கும். டிசம்பர் பூ வேறு குணம். பறித்து வைத்தால் அரைநாள் தாங்காது, செடியில் விட்டால் மழைக்குள்ளும் நின்று பூத்துக்கொண்டே இருக்கும். அதனால் நான் அதைப் பறிப்பதே இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பிலை மரம். டீச்சர்மார் அதற்கு ஒரு இங்கிலீஷ் பேர் சொல்வார்கள், என் வாயில் அது நிற்காது. பாண்டிருப்பில் இருந்து மீன் கொண்டு வருகிற ஒரு பெண் ஈரக் கடதாசியில் சுற்றி ஒரு கம்பு தந்தாள். அது வேர்பிடித்து, என்னை விட உயரமாகி, மதில் நீளத்துக்குப் பரந்துவிட்டது. வருசத்தில் எட்டு மாதம் அது ஒரு சாதாரணப் பச்சை மரம், ஆடுகூட வாய் வைக்காது. நவம்பர் கடைசியில் மேல் இலைகளின் காம்பில் ஒரு சிவப்புப் பிடிக்கும். அது நரம்பு வழியாக ஏறி, பத்துப் பதினைந்து நாளில் இலை முழுக்கப் பரவும். பார்க்கிறவர்கள் அதைப் பூ என்பார்கள். பூ அது இல்லை. நடுவில் மிளகு அளவில் பச்சை மணிகள் இருக்கும், அவற்றின் ஓரத்தில் மஞ்சளாகச் சின்ன வாய், அந்த வாயில் ஒரு சொட்டுத் தேன். அதுதான் பூ. அந்தச் சின்னப் பூவுக்காக மரம் தன் இலைகளுக்கே சிவப்பு உடுத்துகிறதே, அந்தப் பெருமையை நான் எங்கேயும் கண்டதில்லை.

டிசம்பரில் எங்கள் ஒழுங்கையால் போகிற ஓட்டோக்காரர்களுக்கு எங்கள் வீடு ‘சிவப்பு மரத்து வீடு’. புதிதாகக் கல்யாணம் முடித்ததுகள் வந்து மதிலில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டு போகும். நான் ஜன்னலுக்குள் இருந்து பார்ப்பேன். வெளியில் வந்து காட்டிக்கொள்வதில்லை.

இனி மருமகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுப்போம், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவார். என் ஒரே மகளுக்கும் இந்த வீட்டையும் வளவையும் எழுதிக் கொடுத்துவிட்டு, நான் பின்னறைக்கு மாறினேன். மருமகன் துறைமுகத்தில் வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவர். அதிகம் கதைக்காத மனிதர். மாமியும் மருமகனும் முகத்துக்கு முகம் கதைப்பது எங்கள் தலைமுறையில் வழக்கமில்லை. அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நான் மகளிடம் சொல்வேன், மகள் அவரிடம் சொல்வாள். இப்படியே பன்னிரண்டு வருசம் ஓடியது. அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

போன மாரிக்கு முந்தின மாரி தொடங்குகிற நேரம் அவர் முன்பக்கத்துக் கேற்றுக் கதவுக்குப் பச்சைப் பெயின்ற் அடித்தார். அந்தக் கிழமையே கேற்றுத் தூணில் வெள்ளை வெளிச்சமாக ஒரு விளக்கும் பூட்டினார். பெயின்ற் அடித்து முடித்ததும் மதிலோரத்தில் குந்தி இருந்து பிரஷை மண்ணெண்ணெயில் கழுவினார். நான் கண்டேன்.

நவம்பர் முடிந்தது. மரம் பச்சை. டிசம்பர் பாதியானது. மரம் பச்சை. மழை பிந்தியதால் இருக்கும் என்று முதலில் நினைத்தேன். கிணற்றடியில் செவ்வந்தி வழக்கம்போல நிரம்பிப் பூத்தது, பின்வேலியில் டிசம்பர் பூவும் குறை வைக்கவில்லை. காலநிலையில் பிழை இல்லை என்று தெரிந்தது. பிறகு கண்ணூறாக இருக்கும் என்று தண்ணீர் ஓதித் தெளித்தேன். அதற்கும் மரம் அசையவில்லை. படம் எடுக்க வந்த ஒரு சோடி மதிலைப் பார்த்துவிட்டு, வேறு வீடாக்கும் என்று திரும்பிப் போனது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. முன்மதிலில் அந்த வருசம் புதிதாக நடந்தது என்ன? மண்ணெண்ணெய். எப்போதும் டீசல் மணக்கிற கை. என் மனம் அங்கே போய் நின்றுவிட்டது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. மருமகன் ஜும்ஆ முடிந்து வந்து விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நான் முற்றத்தில் கோழிக்குக் குருணல் எறிந்துகொண்டு கோழியோடு கதைத்தேன்.

“மரத்துக்கு வாயில்ல கோழியே. அதுட வேருல மண்ணெண்ணெய ஊத்தினாலும் அது ஆருக்கிட்டப் போய்ச் சொல்ற? என்ட வளவுல என்ட மரத்துக்கு இடமில்லாமப் போச்சி.”

அவர் கோப்பையை வைத்தார். பாதித் தேத்தண்ணி மிச்சம். சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியில் போனார். கேற்றைக்கூட மெதுவாகத்தான் சாத்தினார்.

மகள் குசினிக்குள் இருந்து வந்தாள். “வளவு என்ட பேருல இரிக்கி உம்மா. நீங்கதானே எழுதித் தந்த. என்ட வளவு எண்டு நான் சொன்னாலும் ஒரு கத. நீங்க சொன்னா அந்த மனிசன் எங்க போற?”

பெண் வீட்டில் வாழுகிற ஆணுக்கு ‘என் வளவு’ என்பதைவிடச் சுடுகிற சொல் இல்லை. அது எனக்குத் தெரியாததில்லை. தெரிந்துதான் சொன்னேன்.

அன்றைக்கு இரவு அவர் வந்தார், படுத்தார். அடுத்த நாளில் இருந்து பகல் சாப்பாடு தன் உம்மா வீட்டில். அந்த வீடு கடற்கரைப் பக்கம் இரண்டு ஒழுங்கை தள்ளித்தான். மோட்டார் சைக்கிளையும் அங்கேயே விட்டுவிட்டு, பின்வழியால் நடந்து வந்து நடந்து போனார். முன்முற்றத்தில் அவர் கால் படவில்லை. ஊருக்குள் இது மறைகிற விசயமா? மருமகன் உம்மா வீட்டில் சாப்பிடுகிறார் என்றால் அடுத்த கேள்வி எப்போது பிரிகிறார்கள் என்பதுதான். மகள் என்னோடு கதைப்பதைக் குறைத்தாள். அவள் கண் வீங்கி இருந்ததைக் கண்டும் காணாதவள் மாதிரி நான் செவ்வந்திக்கு ஈர்க்கு நட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு கிழமைக்குப் பிறகு, மழை வெளித்த ஒரு காலையில் முன்மதிலோரம் விழுந்து கிடந்த சருகைக் கூட்டப் போனேன். மதில் மூலையில், கேற்றுக்கும் மரத்தின் கடைசிப் பக்கத்துக்கும் நடுவில், கறுப்புத் தண்ணீர்த் தாங்கி ஒன்று நிற்கிறது. அதற்குப் பின்னால் குனிந்தவள் அப்படியே நின்றேன். அங்கே மறைந்து கிடந்த ஒரு கொப்பு முழுக்கச் சிவந்திருந்தது. அரைகுறை இல்லை. நடு மணிகள் வெடித்து, தேன் சொட்டி, எறும்பு ஏறி நின்றது. மரம் முழுதும் பச்சையாக இருக்க, அந்த ஒரு கொப்பு மாத்திரம் ஆருக்கும் தெரியாமல் தன் காலத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. கோபம், வெட்கம் எல்லாம் மறந்து அதை எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

பிறகுதான் கீழே பார்த்தேன். தாங்கியின் அடிச் சீமெந்தில் பச்சைப் பெயின்ற் சொட்டுச் சொட்டாகக் காய்ந்திருந்தது. அவர் குந்தி இருந்து பிரஷ் கழுவிய இடமே அதுதான். மண்ணெண்ணெய் கெடுப்பதாக இருந்தால் முதலில் கெட வேண்டியது அந்தக் கொப்பு.

அன்று முழுக்க யோசித்தேன். மஃரிபுக்குப் பாங்கு சொன்னது, கேற்று விளக்கு எரிந்தது. தொழுதுவிட்டு முன்னால் வந்து பார்த்தேன். வெள்ளை வெளிச்சம் மரம் முழுதும் பகல் மாதிரி விழுந்திருந்தது. தாங்கியின் நிழல் மட்டும் சரியாக அந்தக் கொப்பின்மேல் படுத்திருந்தது. கிணற்றடிக்கும் பின்வேலிக்கும் அந்த வெளிச்சம் போகவே இல்லை. செவ்வந்தியும் டிசம்பர் பூவும் ஏன் பூத்தன என்று அப்போது விளங்கியது. இந்த மரத்துக்கு நீண்ட இருட்டு வேண்டும். நாங்கள் அதை விடிய விடிய விழிக்க வைத்திருக்கிறோம்.

மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமையில், அந்த விளக்கைக் கழற்றச் சொல்லு என்றும் சொன்னேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “அந்த லைட்ட அவர் ஆருக்குப் போட்டவர் எண்டு நினைக்கிறீங்க? போன மாரியில நீங்க சுபஹுக்கு உளுச் செய்யப் போய் பைப்படியில வழுக்கின பொறகுதான். ‘மாமிக்கிட்டச் சொல்லாத, கால்ல பெலமில்ல எண்டு நான் சொல்லிக் காட்டுறன் எண்டு நினைப்பா’ எண்டவர்.”

விடியுமுன் சுபஹுத் தொழுகைக்குக் கை கால் கழுவ முன்பக்கத்துப் பைப்படிக்கு நான் போகிற வழியில் அந்த மாரி முழுக்க வெளிச்சம் இருந்தது. அந்த வெளிச்சத்தில்தான் நானும் கால் வைத்து நடந்தேன். ஆருக்காகப் போட்டது, ஏன் போட்டது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

உடனே போகவில்லை. அதையும் மறைக்கக் கூடாது. மூன்று நாள் போனது. மகளிடம் சொல்லி அனுப்பலாமா என்று பார்த்தேன். சொன்ன சொல் என் வாயில் இருந்து போனது, அதை இன்னொருத்தி வாயால் திருப்பி எடுக்க முடியுமா? நாலாம் நாள் பகல் லுஹர் தொழுதுவிட்டு முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு ஒழுங்கையும் நடந்தேன்.

சம்பந்தி வாசலுக்கே வந்துவிட்டாள். “வாங்க மச்சி. மகனக் கூட்டிக்கிட்டுப் போக வந்தீங்களாக்கும். சுறா வறை வெச்சிரிக்கன், திண்டு முடியட்டும். பன்னிரெண்டு வருசத்துக்குப் பொறகு இப்பதான் என்ட கையால திங்கிறான்.”

மருமகன் பாயில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சோற்றுக் கையோடு எழும்பினார்.

“எழும்பாதீங்க மருமகன்” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “மரம் செவக்காததுக்கு ஒங்கட கை காரணமில்ல. வெளிச்சம் பட்டுத்தான். நான் பிழையாக் கதைச்சிட்டன். என்ட வளவு எண்டதும் பிழை. என்னப் பொறுத்துக்கங்க.”

சம்பந்தி அகப்பையைப் பிடித்தபடி நின்றாள். அவர் திரும்பக் குந்தி, சோற்றை ஓரமாக ஒதுக்கினார். பிறகு கேட்டார். “எந்தக் கொப்பாவது செவந்திரிக்கா மாமி?”

“ஓம், ஒண்டு. தாங்கிக்குப் பின்னால. நீங்க பிரஷ் கழுவின இடத்துக்கு நேர மேல.”

“அப்ப மண்ணெண்ணெய்தான் பசளை போல” என்றார். முதலில் சிரித்தது சம்பந்திதான். பிறகு நானும் சிரித்துவிட்டேன்.

அன்றைக்குப் பின்னேரம் முன்கேற்றால் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஏணியை வைத்து விளக்கைக் கழற்றப் போனார். வேண்டாம் என்று நானே நேரே சொன்னேன். “அது எனக்கு வேணும் மருமகன். இருட்டுல எனக்குக் கால் பயம்.” இதைச் சொல்லுவதற்கு, மன்னிப்புக் கேட்டதைவிட அதிகத் துணிவு வேண்டியிருந்தது. அவர் ஏணியில் நின்றபடி யோசித்தார். பழைய எஞ்சின் ஒயில் டின் ஒன்றை வெட்டி, தட்டி, வளைத்து, விளக்குக்கு ஒரு முக்காடு செய்து பூட்டினார். வெளிச்சம் பைப்படிக்கும் நடைபாதைக்கும் மட்டும் வட்டமாக விழுந்தது. மரம் இருட்டுக்குள் போனது.

அந்த வருசம் எங்கள் சிவப்பிலை மரம் மாசி மாதம்தான் சிவந்தது. வயல்களில் அறுவடைக்கு வெட்டு மெசின் இறங்கிவிட்டது, செவ்வந்தி எல்லாம் கருகி முடிந்துவிட்டது, வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. அந்த நேரத்தில் மதில் முழுக்க ஒரே சிவப்பு. பிந்தி வந்ததாலோ என்னவோ, அதற்கு முன் எந்த வருசமும் அப்படி ஒரு சிவப்பை நான் காணவில்லை. வெயில் பின்னால் நின்று அடிக்க, ஒவ்வொரு இலையும் உள்ளே விளக்கு எரிகிற மாதிரி நின்றது.

போகிற வருகிறவர்கள் எல்லாம் கேற்றடியில் நின்று கேட்டார்கள், இந்த நேரத்தில் எப்படி என்று. ஒருநாள் ஒரு டீச்சர் தன் பேத்தியோடு வந்து கேட்டார். மருமகன் விறாந்தையில் இருந்தார். “அவர்கிட்டக் கேளுங்க, அவர்ட வேலதான்” என்றேன். அவர் எழும்பிப் போய், இருட்டு என்றால் என்ன, வெளிச்சம் என்றால் என்ன, டின்னை எந்தச் சரிவில் வெட்ட வேண்டும் என்று அரைமணி நேரம் விளங்கப்படுத்தினார். தாங்கி நிழலைக் கண்டுபிடித்த ஆளும் தான்தான் என்று சொன்னார். நான் ஜன்னலுக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். திருத்தவில்லை.