சூடானால் நிற்கும் வண்டி

பட்டறையில் அவளை எல்லோரும் ஸ்கேனர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கணவன் கைவிட்ட பிறகு மகளோடு, பட்டறை நடத்தும் அண்ணனிடம் வந்து சேர்ந்தவள். வண்டியின் கம்ப்யூட்டரில் கோளாறு பார்க்கும் கருவியைத் தானே முட்டிமோதிக் கற்றுக்கொண்டாள். சம்பளம் என்று தனியாக எதுவும் கிடையாது. பட்டறைக்கு மேலே ஓர் அறை, மகளுக்குப் பள்ளிக்கூடம், அவ்வளவுதான்.

ஒருநாள் டாக்சிக்காரர் ஒருவர் மூன்றாம் முறையாக வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார். காலையில் நன்றாக ஓடும். என்ஜின் சூடேறினால் நடுரோட்டில் நின்றுவிடும். ஆறினால் மறுபடி கிளம்பும். பெட்ரோல் பம்பை மாற்றியாயிற்று, என்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களையும் மாற்றியாயிற்று. ஒன்றும் நடக்கவில்லை.

வண்டியை நிற்கும்வரை ஓடவிட்டு, பிறகு சாவியைத் திருப்பியபடி திரையைப் பார்த்தாள் அவள். என்ஜின் சுற்றுகிறது, திரையிலோ அதன் வேகம் பூஜ்யம். பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் தண்டில் பல்சக்கரம் ஒன்று உண்டு. ஓரிடத்தில் மட்டும் அதில் பல் இருக்காது. பக்கத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு சென்சார். அந்த இடைவெளியிலிருந்து அது பற்களை எண்ணிச் சொன்னால்தான், பிஸ்டன் எங்கே இருக்கிறது, இன்ஜெக்டரை எப்போது திறக்க வேண்டும் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியும். சொல்லாவிட்டால் ஒரு சொட்டுப் பெட்ரோல் விடாது. சூட்டில் அது செயலிழக்கிறதா என்று பார்க்க, சென்சார்மேல் ஈரத்துணியைப் போட்டு ஆறவைத்தாள். கொஞ்ச நேரத்தில் என்ஜின் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"சென்சார்தாண்ணா போயிருக்கு. சின்ன சாமான்" என்று அண்ணன் காதில் சொன்னாள்.

"வாயை மூடிக்கிட்டு உள்ள போ" என்று தாழ்ந்த குரலில் அதட்டிவிட்டு, அண்ணன் வாசலில் நின்ற டாக்சிக்காரரிடம் போனான். "என்ஜினே போச்சுங்க. பிரிச்சாலும் நான் உத்தரவாதம் தர முடியாது. உங்களுக்காக வேணா பழைய வண்டி கணக்குல நானே எடுத்துக்கறேன்."

அவர் அவளைப் பார்த்தார். அவளுக்கு உண்மை வாய்வரை வந்தது. மாடியறை நினைவுக்கு வந்ததும் விழுங்கிவிட்டாள்.

வண்டி சொற்ப விலைக்கு அண்ணன் கைக்கு வந்தது. புதுச் சென்சாரை மாட்டியவளும் அவள்தான்; எப்படியோ பாடுபட்டுச் சரிபண்ணியதாக அண்ணன் சொல்லிக்கொண்டான். அடுத்த வாரமே அதே வண்டியை அதே மனிதர் அண்ணனிடம் கூலிக்கு ஓட்ட ஆரம்பித்தார். தினமும் சாவி வாங்க வரும்போது, "உங்க அண்ணன் தங்கமான மனுஷன்மா. வேற யாரு எனக்கு வேலை குடுப்பா?" என்பார். எட்டு மாதம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் மாதம் தாங்கவில்லை, உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

அவர் முகம் கறுத்தது. "அன்னிக்கு நீ அங்கதானே நின்னுட்டிருந்தே?"

"ஆமா."

"அன்னிக்குச் சொல்லியிருந்தா வண்டி என்னுது. இப்ப சொல்லி என்னத்தை அள்ளிக் குடுத்தே? உன் பாரத்தை என் தலையில இறக்கி வைக்கறியா?"

நேரே அண்ணனிடம் போய்க் கேட்டார். அண்ணன் கொஞ்சமும் அசரவில்லை. "கோளாறு பார்த்ததே அவதானே! தப்பாப் பார்த்து என்ஜின் போச்சுன்னு சொன்னா. நான் நம்பிட்டேன்."

டாக்சிக்காரர் அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். மறுநாளும் அவருக்கு அண்ணன் கையிலிருந்துதான் சாவி வர வேண்டும். வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வாரமே அண்ணன் மாடியறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டான். ஊரின் மறுகோடியில் வேறொரு பட்டறையில் வேலை கிடைத்தது. மகளைப் பள்ளி மாற்ற வேண்டியதாயிற்று.

"மாமா ஏம்மா நம்மள அனுப்பிட்டாரு?" என்று மகள் கேட்டாள்.

"வேலையில நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்றாள்.