பதினெட்டு ஆகாத மாமா

தொண்ணூறுகளின் நடுவில், அம்மாவின் கடைசித் தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து நியூசிலாந்தின் ஓக்லாந்துக்கு வந்து சேர்ந்தார். அவருக்குப் பதினேழு வயது, அண்ணாவுக்குப் பதினைந்து. இருந்தாலும் முறை முறைதானே, அண்ணாவும் அவரை மாமா என்றுதான் கூப்பிட வேண்டியிருந்தது. அடர்ந்த மீசையும், சிரிப்பதற்கு யோசிக்கும் வாயுமாக, மாமா பார்வைக்கு அப்பாவின் சிநேகிதர்களில் ஒருவரைப்போல இருப்பார். அந்த மீசையில்தான் அண்ணா நம்பிக்கை வைத்தான்.

ஏவன்டேல் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கராஜில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால், அண்ணா ஒரு பழைய காற்றுத் துவக்கை, குருவி சுடுகிற ஏர்கன்னை, ஒளித்து வைத்திருந்தான். பள்ளிக்கூட நண்பன் கொடுத்தது. உள்ளே ஸ்பிரிங் உடைந்திருந்தது. புது ஸ்பிரிங் வாங்கப் போன அண்ணாவைக் கடைக்காரர் வயது கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். ஆகவே ஒரு பெரிய ஆள் தேவைப்பட்டது. அம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்ற பயத்தில் எட்டு வயதான என்னையும் அண்ணா கூட்டுச் சேர்த்திருந்தான்.

அண்ணா துவக்கை எடுத்து நீட்டியபோது மாமா அதை வாங்கவில்லை. குழலை ஒரு விரலால் நிலத்தை நோக்கித் தள்ளிவிட்டு, என்னைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"உடைஞ்சதெண்டாலும் ஆக்களுக்கு நேர பிடிக்கக்கூடாது."

அவருக்குக் கடைக்கு வர விருப்பமில்லை என்பது எனக்கே தெரிந்தது. ஆனால் பஸ் ஏறவும், பள்ளிக்கூடத்தில் ரீச்சர் சொல்வதை விளங்கவும் அண்ணாவை நம்பியிருந்தவர், அவன் கேட்டதை எப்படி மறுப்பார்?

"வயசு கேட்டால் இருபது எண்டு சொல்லுங்கோ மாமா," என்று வழியெல்லாம் அண்ணா பாடம் நடத்தினான்.

தூண்டில்களும் வேட்டைச் சாமான்களும் விற்கிற கடை அது. நரைத்த தாடி வைத்த வெள்ளைக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக மாமாவைப் பார்த்து வயது கேட்டார். மாமாவின் கண்கள் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த துவக்குகளில் இருந்தன.

"செவன்ரீன்," என்றார்.

அண்ணா பல்லைக் கடித்தான். கடைக்காரர் கோபிக்கவில்லை. காற்றுத் துவக்கு வாங்கவே பதினெட்டு வயது வேண்டும், பதினாறு, பதினேழு என்றால் லைசென்ஸ் வேண்டும், ஸ்பிரிங் போன்ற உள்சாமானுக்கும் தன் கடையில் அதே கணக்குத்தான் என்று பொறுமையாக விளக்கினார். பிறகு மாமாவிடம் தாழ்ந்த குரலில் இன்னும் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்று மாமா கேட்டார்.

"நீங்கள் இன்னும் சின்னப் பிள்ளையாம். சின்னப் பிள்ளையளின்ர கையில இதுகளைக் குடுக்கக்கூடாதாம். சட்டமாம்." அண்ணாவின் குரலில் எரிச்சல்.

"இன்னொருக்காச் சொல்லு."

அண்ணா சொன்னான்.

"இந்த நாட்டில எல்லாப் பிள்ளையளுக்குமோ?"

"ஓம், எல்லாருக்கும்தான். வாங்கோ போவம்."

பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்ததும் மாமா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. மீசை வைத்த ஒருவர் அப்படி அழுவதை நான் அதுவரை கண்டதில்லை. பயந்துபோன அண்ணா டெயரி என்கிற பக்கத்துச் சின்னக் கடைக்கு ஓடி ஐஸ்கிரீம் வாங்கி வந்தான். மாமாவுடையது அவர் கையிலேயே உருகி வழிந்தது. அடுத்த நாளே அண்ணா துவக்கை நண்பனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

பதினான்கு வயதில் டியூஷனுக்குச் சைக்கிளில் போன மாமாவை, துவக்குகளோடு வந்தவர்கள் வழியில் மறித்து ஏற்றிக்கொண்டு போனதையும், அவர் கையிலும் ஒன்றைக் கொடுத்ததையும், நான் பல்கலைக்கழகம் போன பிறகுதான் அம்மா எனக்குச் சொன்னார். அங்கே அவரிடம் ஒருவரும் வயது கேட்கவில்லை.

அன்றைக்கு அந்தப் பஸ் தரிப்பிடத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், ஆசைப்பட்ட சாமான் கிடைக்காவிட்டால் அழுகை வரும் என்பது மட்டும்தான். அதனால் அவர் முழங்காலைத் தட்டி ஆறுதல் சொன்னேன்.

"அழாதேங்கோ மாமா. அடுத்த வருசம் உங்களுக்குப் பதினெட்டு வந்திடும். அப்ப கட்டாயம் தருவினம்."

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தலையைத் தடவினார்.

"ஓம் பிள்ளை," என்றார்.