பூப்படம் வராத காலை

பூப்படம் வராவிட்டால் ஆள் இல்லை என்றுதான் நான் நம்பியிருந்தேன். ஐம்பதைத் தாண்டி, நோர்வேயில் ஒழுங்காக வரி கட்டுகிற ஒருவன் நம்புகிற விசயமா இது என்று கேட்காதீர்கள். ஊரில், முரசுமோட்டையில் தனியாக இருக்கும் என் அக்கா தினமும் விடிய ஒரு செம்பரத்தம்பூவையோ தாமரையையோ, ‘இனிய காலை வணக்கம்’ மின்ன மின்ன, வட்ஸ்அப்பில் அனுப்புவார். கண் விழித்ததும் பார்ப்பேன். பூ இருந்தால் அக்கா இருக்கிறார். பிறகு பல் துலக்கப் போவேன்.

ஒருநாள் பூ வரவில்லை. வட்ஸ்அப்பிலேயே அழைத்தேன், பதில் இல்லை. உள்பனியனோடு மாடிப்படியில் ஏறி இறங்கத் தொடங்கினேன். இங்கே கதவில் கண் வைத்துப் பார்க்க ஒரு சின்ன ஓட்டை இருக்கும். படியில் ஆளில்லை என்று பார்த்துவிட்டுத்தான் சனம் வெளியே வரும். அன்று எதிர்வீட்டு அம்மா பார்க்காமலே திறந்துவிட்டார். அவருக்கும் எனக்கும் ‘ஹெய்’ என்பதற்கு மேல் கதை இருந்ததில்லை. என்ன நடந்தது என்று கேட்டார். “அக்காவின் பூ வரவில்லை” என்றேன். அவர் இரக்கத்தோடு, “பூக்கடை பத்து மணிக்குத்தான் திறக்கும்” என்றார்.

ஊர்க் குழுமத்தில் கேட்போம் என்று, ‘எங்கட அக்கா’ என எழுதி, அழுகிற முகம் ஒன்றும் கூப்பிய கைகளும் போட்டேன். மிச்சத்தை எழுதுமுன் விரல் அனுப்பிவிட்டது. ரொறன்ரோவிலிருந்து ஆழ்ந்த அனுதாபம் வந்தது. பாரிஸிலிருந்து குத்துவிளக்குப் படம். லண்டன்காரர், “பிரேதம் எப்ப எடுக்கினம்?” என்று கேட்டார். இத்தனை பேர் சொல்கிறார்களே, செய்தி உண்மைதான் என்று நானே அழத் தொடங்கினேன்.

அப்போது சின்னராசா அண்ணையின் வீடியோ அழைப்பு வந்தது. அக்காவின் பக்கத்துவீட்டுக்காரர், அதே குழுமத்தில் இருப்பவர். எங்கள் ஊரில் அயல் வீடுகளுக்கு நடுவே வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளி விடுவோம். பொட்டு என்போம். அந்தப் பொட்டுக்குள்ளால் அவருடைய ஆடு வந்து மிளகாய்க் கன்றுகளை மேய, அக்கா தகரம் வைத்து அடைத்தார். அதோடு கதை பேச்சில்லை, நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்தும் இல்லை. ஆனால் செத்தவீடு வேறு. அதற்குப் போகாமல் விட்டால் ஊர் மதிக்காது.

“தம்பி, அழாத. இந்தா, கொக்காவோட கதை” என்று கைபேசியை அக்காவிடம் நீட்டினார்.

“ஆரடா நான் செத்தனான் எண்டு சொன்னது? உள்ளி உரிச்சுக்கொண்டு இருக்கிறன், தகரத்தைப் புடுங்கிற சத்தம் கேக்குது. பழையபடி ஆடாக்கும் எண்டு தடியோட போனன்.”

“அடிச்சிருப்பா தம்பி. செத்தவீட்டுக்குக் காணாது எண்டு ரெண்டு கதிரை வேற தூக்கிக்கொண்டு வந்தனான்.”

“கொண்டுவந்த கதிரையில இருங்கோவன். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்.”

அவர் இருந்தார். கைபேசியை யாரோ மேசையில் வைத்துவிட, வெகுநேரம் நான் கூரையைப் பார்த்துக்கொண்டு, அவர்கள் ஆட்டைப் பற்றிச் சண்டை பிடிப்பதைக் கேட்டேன்.

அக்காவின் டேற்றா முடிந்திருந்தது. நடந்தது அவ்வளவுதான். சாதாரண அழைப்பு எடுத்திருந்தால் மணி அடித்திருக்கும். தகரத்தை யாரும் திரும்ப வைக்கவில்லை. இப்போது சின்னராசா அண்ணையும் தினம் ஒரு பூ அனுப்புகிறார். இரண்டையும் பார்த்துவிட்டு, கதவோட்டையில் கண் வைத்து, படியில் ஆளில்லை என்று உறுதியானபின் வேலைக்குப் போகிறேன்.