சம்பள உயர்வு வேண்டாம் என்ற சமையற்காரர்

1. விசித்திரமான கோரிக்கை

யாழ்ப்பாண நகரில் நான் வரி ஆலோசகராக வேலை செய்த காலத்தில், வரியைக் குறைத்துத் தரச் சொல்லி வந்தவர்கள் எத்தனையோ பேர். சம்பளத்தைக் குறைக்க வழி கேட்டு வந்தவர் ஒரேயொருவர்தான்.

அவர் பெயர் அமிர்தலிங்கம். உடுப்பிட்டியைச் சேர்ந்தவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒரு திங்கட்கிழமை காலை கந்தோர் திறந்ததும் மனைவி மங்கையர்க்கரசியுடன் வந்து என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

“மிஸ், ஹோட்டலிலை எனக்குச் சம்பளம் கூட்டிப்போட்டினம். அது வேண்டாம் எண்டு எப்பிடி எழுதிக் குடுக்கிறது?”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மனைவிதான் விளக்கினார்.

“பகிடி இல்லை மிஸ். கூட்டின மாசத்திலை இருந்து கையிலை வாறது குறைஞ்சு போச்சு. இவர் வேலையை விடப்போறன் எண்டு நிக்கிறார்.”

சம்பளம் கூடினால் வரியும் கூடும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கூட்டிய பிறகு முன்பைவிடக் குறைவாகக் கையில் வருவது சாதாரணமாக நடக்காது. எங்கோ இரண்டு கணக்குகள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று தோன்றியது. இருவருக்கும் தேநீர் வரவழைத்துவிட்டு, ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னேன்.

அமிர்தலிங்கம் வடமராட்சியில் பெயர் போன கலியாணச் சமையற்காரர். சொந்தமாக ஆட்களும் பாத்திரங்களும் ஒரு லொறியும் வைத்திருந்தார். வங்கிக் கடன் எடுத்துப் பெரிய சமையற்கூடம் ஒன்றும் கட்டினார். கட்டி முடித்த கையோடு நாட்டில் எரிவாயுவும் டீசலும் இல்லாத காலம் வந்தது. முற்பணம் வாங்கிய கலியாணங்களுக்குப் பழைய விலைக்கே சமைத்துக் கொடுத்தார். சாமான் விலையோ வாரத்துக்கு வாரம் ஏறியது. ஒருவருக்கும் சொன்ன சொல் தவறவில்லை, ஆனால் கடைசியில் கடனைக் கட்ட முடியாமல் வங்குரோத்தானார். நீதிமன்றம் வரை போய், லொறி, பாத்திரம், சமையற்கூடம் எல்லாம் விற்றாயிற்று. மிச்சக் கடனுக்கு ஓர் இணக்கம் எழுதப்பட்டது. சில வருடங்களுக்கு அவருடைய வருமானத்தில் வீட்டுச் செலவு போக மிஞ்சுவதில் ஒரு பங்கை நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளரிடம் கட்ட வேண்டும். பொறுப்பாளர் அதைக் கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். வருமானம் ஒரு மட்டத்தைத் தாண்டினால் பங்கின் வீதமும் ஏறும். தொழில் நடந்த காலத்துப் பழைய வரிப் பாக்கிக்குத் தனியாகத் தவணை போட்டிருந்தார்கள்.

அதன் பிறகு அவர் ஒரு ஹோட்டலில் சமையற்காரராகச் சேர்ந்தார். உல்லாசப் பயணிகள் திரும்பவும் வரத் தொடங்க, அங்கே வியாபாரம் சூடு பிடித்தது. இவருடைய பால்கறியைத் தின்றவர்கள் சமையலறைக்குள் வந்து கை கொடுத்துவிட்டுப் போனார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவருடைய முகம் விடிந்தது. முதலாளி சந்தோஷப்பட்டுச் சம்பளத்தைக் கூட்டினார். சேவைக் கட்டணத்தில் கிடைக்கும் பங்கும் கூடியது.

அங்கேதான் வினை.

2. வரி போக

சம்பளச் சீட்டையும் இணக்கத்தின் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இணக்கத்தில் ‘வருமானம்’ என்றுதான் இருந்தது. வரி கழிக்க முன்னைய வருமானமா, கழித்த பிறகு கைக்கு வருவதா என்று சொல்லப்படவில்லை. எழுதியபோது அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. பிறகு ஹோட்டலில் சேர்ந்தபோது கிடைத்த சம்பளமும் வரி வரம்புக்குள்ளேயே வரவில்லை. ஆகவே இரண்டும் ஒன்றுதான்.

சம்பளம் கூடியதும் நிலைமை மாறிவிட்டது. ஹோட்டல்காரர் சட்டப்படி வரியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தார்கள். பொறுப்பாளர் கழிக்க முன்னைய தொகையை வருமானமாக எடுத்தார். அது மட்டத்தைத் தாண்டியதால் பங்கின் வீதமும் ஏறியது. தன் கைக்கு வராத காசுக்கும் சேர்த்து, அதுவும் கூடிய வீதத்தில், மனுஷன் பங்கு கட்டிக்கொண்டிருந்தார். வரியைக் கழித்துப் பார்த்தால் அவருடைய வருமானம் அந்த மட்டத்துக்குக் கீழேதான் நின்றது.

பொறுப்பாளர் நிர்மலன் என்றொரு சட்டத்தரணி. தொலைபேசியில் சொன்னதும் அவருக்கு விளங்கிவிட்டது. ‘வருமானம்’ என்பதற்கு முன்னால் ‘வரி போக’ என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தால் போதும் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். ஆனால் அவர் ஒன்று சொன்னார். கடன் கொடுத்தவர்கள் சம்மதிக்காமல் அந்த இணக்கத்தில் ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது. வங்கி முகாமையாளர் சம்மதிப்பார். புத்தூர்ச் சின்னத்துரையர் சம்மதிப்பாரா என்பது சந்தேகம்.

சின்னத்துரையர் வெங்காயமும் மரக்கறியும் மொத்தமாகக் கொடுத்த வியாபாரி. வங்கிக்கு அடுத்தபடி அவருக்குத்தான் கூடக் கடன். கொஞ்சக் காலமாக அமிர்தலிங்கத்தின் பெயரைச் சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று கேள்வி.

இதை அமிர்தலிங்கத்திடம் சொன்னபோது அவர் மெதுவாகத் தலை குனிந்தார். அந்த மனுஷனுக்கு முன்னால் போய் நிற்கத் தன்னால் ஏலாது என்றும், வேலையை விட்டுவிட்டுத் தோட்டக் கூலிக்குப் போவதாகவும் சொன்னார். மங்கையர்க்கரசி விடவில்லை. கூட்டத்துக்குத் தானும் வருவதாகச் சொல்லி அன்றைக்கே நாள் குறிக்க வைத்தார்.

3. சின்னத்துரையரின் கோபம்

கூட்டம் நிர்மலனின் கந்தோரில் நடந்தது. சின்னத்துரையர் வெள்ளை வேட்டியும் சால்வையுமாக வந்து, அமிர்தலிங்கத்துக்கு நேரெதிரே இருக்காமல் கதிரையைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்தார். நான் கணக்கை விளக்கினேன். வரி என்பது அவருடைய கைக்கு வராத பணம் என்றும், அதற்கும் பங்கு கேட்டால் அவர் வேலையை விட்டுவிடுவார், பிறகு ஒருவருக்கும் ஒன்றும் வராது என்றும் சொன்னேன். வங்கி முகாமையாளர் உடனே தலையாட்டினார்.

சின்னத்துரையர் தலையாட்டவில்லை. கோபமா என்று நிர்மலன் பக்குவமாகக் கேட்டார்.

“கோபந்தான்,” என்றார் அவர். “ஆனால் காசுக்கில்லைத் தம்பி. ஆவணியிலை என்ரை மகளுக்குக் கலியாணம். சமைக்க வா எண்டு ஆள் அனுப்பினனான். ஏலாது எண்டு சொல்லிப்போட்டான். உவனைக் கேளுங்கோ, ஏன் எண்டு.”

எல்லாரும் அமிர்தலிங்கத்தைப் பார்த்தோம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“அண்ணை, உங்களுக்குக் குடுக்க வேண்டியதைக் குடுக்காமல், உங்கடை வீட்டிலையே கூலிக்குக் கை நீட்ட எனக்கு மனம் வரேல்லை.”

“அதை நீ எனக்கெல்லோ சொல்லியிருக்க வேணும்,” என்றார் சின்னத்துரையர். “மூத்தவளின்ரை கலியாணத்துக்கும் நீதான் சமைச்சனி. இளையவளுக்கு வேறை ஆரைப் பிடிக்கிறது?”

கதிரையை நேராகத் திருப்பிப் போட்டார். பிறகு, தான் சமையலுக்குக் கூலி கொடுத்தால் சட்டத்தில் பிழை ஏதும் வருமா என்று என்னைக் கேட்டார். பிழையில்லை என்றேன். மேலதிக வருமானம் என்று அமிர்தலிங்கம் அறிவிக்க வேண்டும். சமையலுக்கான செலவைக் கழித்து, அதற்குரிய வரியை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் இணக்கப்படி ஒரு பங்கு கடன் கொடுத்தவர்களுக்குப் போகும்.

சின்னத்துரையர் யோசித்தார்.

“கடன் குடுத்தவன் எண்டால், எனக்குமோ?”

“ஓம் ஐயா.”

“அப்ப நான் குடுக்கிற கூலியிலை கொஞ்சம் எனக்கே திரும்பி வரும்.”

“வரும்.”

“அப்பிடியெண்டால் உவனைக் கூலியை வடிவாக் கூட்டிக் கேக்கச் சொல்லுங்கோ.”

முதலில் சிரித்தது மங்கையர்க்கரசி. அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, வங்கி முகாமையாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அமிர்தலிங்கமும் சிரித்தார். என் கந்தோருக்கு வந்த நாள் தொட்டு அவருடைய சிரிப்பை அன்றைக்குத்தான் பார்த்தேன். ‘வரி போக’ என்ற சொற்களுக்குக் கீழே எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. கூடுதலாகக் கட்டிய பங்கை அடுத்த மாதங்களில் கழித்துக்கொள்ள நிர்மலன் ஒழுங்கு செய்தார். சம்பளம் கூடியதன் பலன் அதன் பிறகுதான் உடுப்பிட்டி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

4. ஒரே பந்தி

கலியாணத்துக்கு எனக்கும் அழைப்பு வந்தது. ஹோட்டலில் லீவு எடுத்துக்கொண்டு அமிர்தலிங்கம் முதல் நாளே புத்தூருக்குப் போய்விட்டார். அவரிடம் முன்பு வேலை செய்தவர்கள் இப்போது ஆளுக்கொரு வேலையில் இருந்தார்கள். கேள்விப்பட்டதும் ஒருவர் மேசன் வேலையை விட்டுவிட்டு வந்தார், இன்னொருவர் தொண்டைமானாற்றிலிருந்து தன் ஓட்டோவையே சமையற் சாமான் ஏற்றக் கொண்டுவந்தார். நான் போனபோது பின்வளவில் அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. தேங்காய் துருவுகிறவர்களை மங்கையர்க்கரசி விரட்டிக்கொண்டிருந்தார். அமிர்தலிங்கம் சால்வையைத் தலையில் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கிடாரமாகப் போய் அகப்பையால் தொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்த்தார். கந்தோரில் தலை குனிந்து இருந்தவர் இவர்தானா என்று நினைத்தேன். குரல்கூட வேறாக இருந்தது.

தாலி கட்டி முடிந்து பந்தி போட்டார்கள். நிர்மலன், வங்கி முகாமையாளர், நான் மூவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். சின்னத்துரையர் வந்து எங்களைப் பார்த்துவிட்டு, தானும் எங்களுடனேயே இருந்துவிட்டார். பெண்ணின் தகப்பன் கடைசிப் பந்தியில்தான் சாப்பிட வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அவர் காதில் வாங்கவில்லை. அமிர்தலிங்கத்துக்குக் கடன் கொடுத்தவர்களும் அந்தக் கடனைக் கணக்குப் பார்த்தவர்களும் ஒரே வரிசையில் வாழையிலைக்கு முன்னால் இருக்க, கத்தரிக்காய்ப் பால்கறி வாளியுடன் அவரே பரிமாற வந்தார்.

வங்கி முகாமையாளர் இரண்டாம் தரமும் கேட்டார். மூன்றாம் தரம் வாயால் கேட்கக் கூச்சப்பட்டு இலையைக் காட்டினார். அமிர்தலிங்கம் நிறையவே விட்டார். நாங்கள் பாயசத்துக்கு வருமுன்பே பக்கத்துப் பந்தியிலிருந்து இரண்டு பேர் எழுந்து போய், கார்த்திகையிலும் தையிலும் தங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வர முடியுமா என்று அவரைக் கேட்டார்கள். ஹோட்டலில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். அவர் எதையும் மறுக்கவில்லை என்பதை மங்கையர்க்கரசி என்னைப் பார்த்துக் கண்ணால் காட்டினார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்ல இருப்பது இவ்வளவுதான். ஓர் இணக்கத்தில் ‘வருமானம்’ என்று கண்டால், வரிக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். சம்பளம் கூடினால் என்ன நடக்கும் என்று அன்றைக்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய வரிப் பாக்கியும் புதிய வரியும் வேறு வேறு என்று ஆளுக்கு விளங்கச் சொல்லுங்கள். கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாக வந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சியிருக்கும். நாளைக் காலை எழும்பி வேலைக்குப் போக அந்த மனுஷனுக்கு மனம் வருமா? வராது என்றால், கணக்கைத் திரும்பப் போடுங்கள்.