பேண்டேஜ் துணியில் ஆறு நிலை

"...ஆறுதான தாயி இருக்கு. மிச்ச அஞ்சு நிலையை எங்க கழட்டி வச்ச? அரசாங்க முத்திரையில இருக்கிற கோபுரம். அதுலயே கை வச்சிட்டியே."

ராஜபாளையத்தில் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபத்தின் முதலாளி இதைச் சொன்னபோது, நான் வரைந்த ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் அவர் மேசையில் விரிந்து கிடந்தது. என் படம் ஒன்று என் வீட்டுக்கு வெளியே சுவரேற இருந்தது அதுதான் முதல் தடவை. பதினோரு நிலையும் போட்டுத் தந்தால் மாட்டுவேன், இல்லையென்றால் பிளக்ஸ் அடித்துக்கொள்வேன் என்றார். நானாக வரையக் கற்றவள் என்பதால் எண்ணவும் தெரியாதவள் என்று முடிவு கட்டிவிட்டார் போல.

எண்ணத் தெரியும். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் இடத்தில் இழை பார்த்துப் பழகிய கண் இது. சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவேன். எங்கள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர் நெருங்கும்போது, கூட வேலை பார்த்த அக்கா விலாவில் இடிப்பாள்.

"ஏட்டி, கோபுரம் வந்துட்டு. சாமி பார்க்கையில வாயைப் பொளந்துக்கிட்டா கெடப்ப?"

கண்ணைத் திறந்தால் பேக்கரி போர்டுக்கு மேலே இரண்டு நிலை. மறுபடி கண் சொருகும். இன்னொரு இடி. கரண்ட் கம்பிகளுக்கு நடுவே மூன்று. இறங்கப்போகும்போது டயர் கடைக்கு மேல் உச்சி நிலையும் கலசங்களும். பதினெட்டு வருசம் இப்படித்தான் பார்த்தேன். கோயிலுக்கே போன நாட்களில் செருப்பை எங்கே விட்டோம் என்பதில்தான் கவனம்.

அதையேதான் வரைந்தேன். வேண்டாமென்று ஒதுக்கிய பேண்டேஜ் துணியை நாலு மடிப்பாக மைதாப் பசையில் ஒட்டி, பார்த்த நிலைகளை மட்டும் துண்டு துண்டாகப் போட்டேன். இடையில் எல்லாம் வெறும் துணி. அக்கா பார்த்துவிட்டு, நான் இடிச்ச இடமெல்லாம் சரியா வந்திருக்கு என்றாள். அதற்கு மேல் எனக்கு யார் சான்றிதழும் வேண்டியிருக்கவில்லை.

"அண்ணாச்சி, அந்த வெறுந்துணி நான் தூங்கினது," என்றேன். "பார்க்காததை எப்படி வரைய?"

அவர் போனை எடுத்து, கோபுரத்துக்கு முன்னால் குடும்பத்தோடு எடுத்த போட்டோவை நீட்டினார். இதைப் பார்த்து வரையலாமே என்றார். கீழ் நிலைகள் அவர் வீட்டாரின் தலைகளுக்குப் பின்னால் போயிருந்தன. உச்சி போட்டோவுக்குள்ளேயே வரவில்லை.

"இதுல எத்தனைன்னு நீங்களே எண்ணுங்க. பதினொண்ணு இருந்தா இப்பவே வரைஞ்சு தாரேன். இல்லைன்னா ஒரு கோடு சேர்க்க மாட்டேன்."

சொல்லிவிட்டுப் படத்தைச் சுருட்டத் தொடங்கினேன். கட்டிலுக்கு அடியில் அதற்கு இடம் இருந்தது.

அவர் இரண்டு விரலால் போட்டோவைப் பெரிதாக்கினார். உதடு அசைந்தது. போட்டோவில் இருந்த தன் தலையை விரலால் ஒதுக்கிப் பார்த்தார், அது நகரவில்லை. "நாலு," என்றார், எனக்குக் கேட்கும்படியாக அல்ல. போனைச் சட்டைப் பையில் போட்டார். மேற்கொண்டு நான் சுருட்ட முடியாதபடி துணியின் மறுமுனையில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு, ஆணி அடிக்கிறவரைக் கூப்பிட்டார்.